பம்பரத்தையும் யோயோவையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நூலகம் பார்த்துக்கொள்ளும் ஒருவர் கேட்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் அனுப்பியிருக்கிறாராம்: ஜக்லிங் (பலவற்றை மாறி மாறி வீசிப் பிடிக்கும் ஆட்டம்) பந்து, அதற்கான கிளப் (குண்டாந்தடி போன்ற கட்டை), ரிங் (வளையம்), யோயோ, கெண்டாமா (கிண்ணமும் உருண்டையும் உள்ள ஜப்பானிய விளையாட்டு), டயாபோலோ (கயிற்றில் சுழலும் இரட்டைக் கிண்ணம்), பூக்குச்சி, ‘போய்’ (கயிற்று முனையில் கட்டிய பந்து). இவற்றோடு நம்ம ஊர்ப் பம்பரம், கோலி, தட்டாங்கல் எல்லாவற்றையும் சேர்த்து அலமாரியில் வகை பிரித்து வைக்க வேண்டும், எப்படிப் பிரிப்பது, பம்பரமும் யோயோவும் ஒன்றா, அம்மானை என்பது ஜக்லிங்தானா, ஒரு பையன் தலையாட்டி பொம்மையையும் சேர்க்கலாமா என்கிறான், என்ன சொல்ல? இதுதான் கேள்வி. எனக்குப் புரிந்தவரை, பம்பரம் விடத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்து எதைக் கையில் கொடுப்பது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்கு விடை கிடைத்தால் அலமாரி தானாகவே ஒழுங்காகிவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டப் பள்ளிகளில் 27 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். சிலம்பம் சிறு வயதில் கற்றது. ஜக்லிங் நாற்பது வயதுக்கு மேல் பிடித்த பைத்தியம். மூன்று பந்து நன்றாக வரும், நான்கு சுமார், ஐந்தில் பத்துப் பதினைந்து பிடியோடு சரி. டயாபோலோவை ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஆடுவேன். யோயோவில் என்னிடம் படித்த பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஆகவே யோயோ பற்றி நான் சொல்வதை ஒரு படி குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்கள் வடிவத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள்: பந்து ஒரு பக்கம், கயிறு கட்டியது ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம். ஆடுகிறவர்கள் பொதுவாகச் செயலைப் பார்ப்பார்கள்: வீசிப் பிடிப்பது, உடம்பில் உருட்டுவது, சுழலவிடுவது, சாயாமல் நிறுத்துவது, கையோடு வைத்துச் சுற்றுவது. இரண்டாவது முறை மேல். ஆனாலும் பள்ளியில் அதை வைத்து எனக்கு முழுசாக ஓடவில்லை. கோலியில் யாராலும் தோற்கடிக்க முடியாத பையன் ஒருவன் மூன்று பந்தில் ஒரு மாதம் தடுமாறினான். தட்டாங்கல் ஆடும் ஒரு பெண் ஒரே சாயங்காலத்தில் மூன்று பந்தைப் பிடித்துவிட்டாள். ஏன் என்று யோசித்தபோதுதான் வேறு ஒரு வழி பிடிபட்டது. ஒரு சாமானை ஆடும்போது ஆட்டம் எந்தத் தப்பால் நிற்கிறது என்று பார்ப்பது. ஒரே மாதிரித் தப்பு செய்ய வைக்கிற சாமான்களை ஒரே தட்டில் வைத்தேன். ஒரு தப்பைத் திருத்தப் பழகிய கை, அதே தப்பு வரும் அடுத்த சாமானைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. இது ஒரு வாத்தியாரின் அனுபவக் கணக்கு மட்டுமே, எந்தச் சங்கத்தின் விதியும் கிடையாது.

முதல் தட்டு, நேரம் தவறி விழுவது. பந்து, கிளப், ரிங், தட்டாங்கல், அம்மானை எல்லாம் இங்கே. பந்து விழுந்தால் பிள்ளைகள் பிடிக்கிற கையைத் திட்டிக்கொள்வார்கள். பத்தில் எட்டுத் தடவை குற்றம் வீசிய கையில்தான் இருக்கும். பதறி, முன்னதாகவே வீசியிருப்பார்கள். தகவல் கோட்பாட்டின் தந்தை என்று சொல்லப்படும் கிளாட் ஷானன் இந்த நேரக் கணக்கை ஒரு சமன்பாடாகவே எழுதிவைத்தார். ஜக்லிங் செய்கிற இயந்திரம் ஒன்றும் செய்து பார்த்தார். அந்தச் சமன்பாட்டில் மூன்று நேரங்கள் வருகின்றன: பந்து காற்றில் இருக்கும் நேரம், கையில் தங்கும் நேரம், கை காலியாக இருக்கும் நேரம். பந்து எத்தனை, கை எத்தனை என்பதோடு இந்த மூன்றும் பிசகாமல் கட்டுண்டவை. ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறியே ஆக வேண்டும்.

தட்டாங்கல்லை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரு கல்லை மேலே போட்டுவிட்டு, அது வருவதற்குள் கீழே கிடப்பதை அள்ளிக்கொண்டு, இறங்கி வருவதையும் பிடிக்க வேண்டும். காலியாக இருக்கும் கையின் நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் முழு ஆட்டமும். என் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து ஏழு கல் ஆடும்போது மேலே போன கல்லை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அது எப்போது வரும் என்று கைக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரே சாயங்காலத்தில் பந்தைப் பிடித்த ரகசியம் இதுதான். உங்கள் ஊரில் தட்டாங்கல் ஆடும் பெண் பிள்ளைகளிடம் பந்துகளை முதலில் கொடுங்கள். பையன்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

உயரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவைக்க வேண்டும், பெரிய பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கையிலிருந்து 1 மீட்டர் உயரம் வீசினால் பந்து திரும்பி வரச் சுமார் 0.9 விநாடி. அந்த நேரத்தை இரண்டு மடங்கு ஆக்க உயரத்தை நான்கு மடங்கு, அதாவது 4 மீட்டர் ஆக்க வேண்டும். ஐந்து பந்து ஆடுகிறவர்கள் கூரையைப் பார்த்துக் கவலைப்படுவது இதனால்தான். வீச்சுகளை எண்ணாக எழுதும் முறை ஒன்றும் உண்டு. 1980களில் அமெரிக்காவில் இரண்டு இடத்திலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 441 என்றோ 531 என்றோ எழுதுவார்கள். மூன்று எண்கள் என்பதால், அவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால் பந்தின் எண்ணிக்கை வரும், இரண்டிலும் மூன்று. கணக்கில் விருப்பமுள்ள பிள்ளை இருந்தால் இதைக் காட்டுங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

இனி அம்மானை. உறுதியானதை முதலில் சொல்கிறேன். காயை மேலே வீசிப் பிடித்துப் பெண்கள் ஆடிய ஆட்டம், பாட்டோடு ஆடியது. சிலப்பதிகாரத்தில் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி இருக்கிறது. மாணிக்கவாசகரின் திருவம்மானை 20 பாடல். பெண்பால் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கு ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். பிற்காலக் கலம்பகங்களில் ஒருத்தி சொல்ல, ஒருத்தி மடக்கிக் கேட்க, மூன்றாமவள் பதில் சொல்லும் வடிவமும் வந்துவிட்டது. இவ்வளவும் உறுதி. சந்தேகம் வருவது கை போன வழியில். இன்றைக்கு நாம் செய்வது போல இரண்டு கையிலிருந்தும் குறுக்கே எதிரெதிராகப் போனதா, ஒரே வட்டமாகச் சுற்றியதா என்று பாட்டு சொல்லவில்லை. டோங்கா தீவுப் பெண்களின் ஹிகோ என்ற ஆட்டத்தில் காய்கள் வட்டமாகத்தான் போகும். ஜப்பானியச் சிறுமிகளின் ஒதேதாமா என்ற துணிப்பை ஆட்டத்துக்கும் பாட்டு உண்டு. பாடிக்கொண்டு வீசிப் பிடிப்பது பல கரைகளில் இருந்திருக்கிறது. ஆகவே அட்டையில் “ஜக்லிங்கின் தாய் அம்மானை” என்று எழுதி ஒட்டாதீர்கள். “வீசிப் பிடிக்கும் பழைய தமிழ் ஆட்டம்” என்று எழுதினால் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

பெருமைப்பட வேறு விஷயம் வேண்டுமென்றால் இருக்கிறது. ஸ்பானிஷ், போர்ச்சுகீசிய மொழிகளில் ஜக்லிங்குக்கு வழங்கும் பெயர் மலபார் என்ற நம் மேற்குக் கரைப் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலக் கட்டுரையாளர் ஹாஸ்லிட், இந்திய வித்தைக்காரர் ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளை ஆடியதைப் பார்த்து வாய் பிளந்து 1821இல் எழுதியிருக்கிறார். அதே காலத்தில் லண்டனில் பேர் வாங்கிய வித்தைக்காரர் ஒருவரை அங்கே ராமோ சாமி என்று அழைத்தார்கள். ராமசாமியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அதற்காக அவரைத் தஞ்சாவூர்க்காரர் ஆக்கிவிட வேண்டாம்.

இரண்டாவது தட்டு, செத்துப்போவது. பம்பரம் நின்றால் பிள்ளைகள் செத்துப்போச்சு என்றுதானே சொல்கிறார்கள்? அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டேன். பம்பரம், யோயோ, டயாபோலோ, குச்சி முனையில் சுழலும் தட்டு எல்லாம் இதில் அடங்கும். சுழற்சி இருக்கும்வரை சாமானுக்கு உயிர், குறையக் குறையத் தள்ளாட்டம், அப்புறம் சாவு. வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சை எளிதில் விட்டுக்கொடுக்காது. பூமி இழுத்துச் சாய்க்கப் பார்த்தால், நேராகச் சாயாமல் அச்சு பக்கவாட்டில் வட்டம் போடும். வேகம் குறைந்தால் அந்த வட்டம் பெரிதாகும். பம்பரத்தின் தலையாட்டம் இதுதான்.

ஆக, பம்பரமும் யோயோவும் ஒன்றா என்றால், சாகிற விதத்தில் ஒன்று. கயிற்றில் வேறு. பம்பரத்தில் சாட்டை உயிரைக் கொடுத்துவிட்டு விலகிவிடும், யோயோவில் கயிறு கடைசிவரை கூடவே இருக்கும். யோயோவின் நுணுக்கம், கயிறு அச்சில் இறுக்கிக் கட்டப்படாமல் வளையமாகச் சுற்றியிருப்பது. அதனால்தான் கீழே போய் அங்கேயே நின்று சுழல முடிகிறது. இந்த வகையை அமெரிக்காவில் பரப்பியவர் பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய பெட்ரோ புளோரஸ். 1928இல் கலிபோர்னியாவில் தொழில் தொடங்கினார். பிலிப்பைன்ஸ் வேடர்கள் யோயோவை ஆயுதமாக வீசினார்கள் என்று ஒரு கதை பெட்டி அட்டைகளில் வரும், ஆதாரம் இல்லாத விற்பனைக் கதை அது. யோயோ போன்ற வட்டைச் சிறுவன் ஒருவன் கயிற்றில் ஆட்டும் ஓவியம் கி.மு. 5ஆம் நூற்றாண்டு கிரேக்கக் கிண்ணத்தில் இருப்பது மட்டும் நிஜம்.

இப்போதைய யோயோ போட்டிகளில் ஐந்து பிரிவு. அதில் நான்காவதில் யோயோ கயிற்றோடு கட்டப்படாமல் தனியாக எகிறி, மறுபடி கயிற்றில் வந்து உட்காரும். அது ஏறக்குறைய டயாபோலோதான். டயாபோலோ என்பது சீனத்து விளையாட்டின் ஐரோப்பிய வாரிசு: இரண்டு கிண்ணம் முதுகோடு முதுகு ஒட்டியது, இரண்டு கோல், நடுவே கயிறு. அது முன்பக்கம் சாய்ந்தால் பிள்ளை உடனே கோலைத் தூக்கும், அது சரியாகாது. சுழலும் பொருளைத் தள்ளினால் பலன் தொண்ணூறு பாகை தள்ளித்தான் வரும். ஆகவே ஒரு கோலை உடம்பை நோக்கி இழுக்கவோ முன்னே தள்ளவோ வேண்டும். பம்பரம் விட்டுப் பழகிய பையனுக்கு இதை விளக்கவே வேண்டாம், இரண்டு நாளில் தானே கண்டுபிடிப்பான்.

ஆனால் பம்பரத்திலேயே இன்னொரு தட்டு ஒளிந்திருக்கிறது. சாட்டையை வீசி, சுழலும் பம்பரத்தை எகிற வைத்துக் கையில் பிடித்து அபீட் எடுக்கிறோமே, அதில் ஆட்டம் கெடுவது பம்பரம் செத்தால் மட்டும் இல்லை, கை நேரம் தவறினாலும் கெடும். அந்த நொடியில் பம்பரம் முதல் தட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்தவன் பம்பரத்தின்மேல் ஆக்கர் குத்தும்போதோ குறி பார்க்கும் ஆட்டம் ஆகிவிடுகிறது. ஒரு பூவரசு மரத்துண்டும் ஒரு ஆணியும் மூன்று தட்டில் உட்காரும் என்றால், சாமானை வகைப்படுத்துவதைவிட அதை வைத்துச் செய்யும் வேலையை வகைப்படுத்துவதே சரி என்று தோன்றுகிறது. அலமாரிக்கு அது ஆகாது என்பது எனக்கும் தெரியும். பம்பரத்தை இரண்டாவது தட்டிலேயே வையுங்கள்.

மூன்றாவது, சாய்வது. நம்ம பக்கம் இதற்குக் கரகத்தைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. கையால் தொடாமல் தலையில் அடுக்கு, உச்சியில் கிளி, கீழே நாயனத்துக்கு ஏற்றபடி கால். தலை அசையாமல் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் சாய்கிற பக்கம் நோக்கி உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அடியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்ட நீளமான ஒட்டடைக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு பென்சிலை. குச்சி நிற்கும், பென்சில் நிற்காது. நீளமானது மெதுவாகச் சாயும், திருத்த நேரம் கிடைக்கும். பார்வை குச்சியின் நுனியில் இருக்க வேண்டும். கையைப் பார்த்தால் கதை முடிந்தது.

தலையாட்டி பொம்மை கேட்ட பையனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: அந்தப் பொம்மைக்கு அடியில் கனம், அடிப்பக்கம் உருண்டை, எப்படித் தள்ளினாலும் தானே எழுந்துகொள்ளும். நாம் தப்பு செய்யவே வழியில்லை. தப்பு செய்ய முடியாத பொம்மை என் கணக்கில் எந்தத் தட்டிலும் வராது. ஆனால் கரகத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று காட்ட இரண்டையும் பக்கத்தில் வைக்கலாம்.

நான்காவது தட்டு, தன்மேலேயே பட்டுக்கொள்வது. சிலம்பம், போய், தீப்பந்தம். சாமான் கையைவிட்டுப் போகாது, சாகாது, சாயாது. கணுக்காலிலோ காதிலோ பட்டவுடன்தான் தப்பு தெரியும். போய் என்றால் மாவோரி மொழியில் பந்து, கயிற்று முனையில் கட்டிச் சுற்றுவது அவர்கள் மரபு. பழைய காலுறையில் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டு முடிந்தால் போதும். சிலம்பத்துக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: சுற்று ஒரே தளத்தில் போக வேண்டும், சுவரில் ஒட்டிச் சுற்றுவது போல. சிலம்பக் கம்பைச் சுழற்றி வீடு கட்டிப் பழகிய பிள்ளைக்கு ‘போய்’ பழக ஒரு வாரம் போதும். திருவிழாவில் பந்தம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு நெருப்பு கேட்பார்கள். நூலகத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஐந்தாவது, குறி தவறுவது. கோலி, கிட்டிப்புள், கெண்டாமா. இன்றைய கெண்டாமா ஹிரோஷிமா பக்கம் 1910களின் இறுதியில் உருவானது. மூன்று கிண்ணம், ஒரு கூர்முனை, கயிற்றில் துளையுள்ள தமா என்ற உருண்டை. இதில் கையைவிட முழங்கால்தான் முக்கியம்: உருண்டை இறங்கும்போது மடக்கி அதோடு கொஞ்சம் இறங்கினால் துள்ளாமல் உட்காரும். கூர்முனையில் குத்தி ஏற்றும் வித்தைக்கு ஒரு தந்திரம் உண்டு. இழுப்பதற்கு முன் தமாவை லேசாகத் திருகிச் சுழலவிட்டால், துளை கீழே பார்த்தபடியே மேலே வரும். பம்பரம் செய்யும் அதே வேலைதான். ரிங் காற்றில் படபடக்காமல் போவதும் சுழற்சியால்தான். அதனால் தட்டுகளுக்கு நடுவே சுவர் வைக்காதீர்கள், கம்பி வைத்தால் போதும். பூக்குச்சி மட்டும் எந்தத் தட்டிலும் முழுசாக உட்காராது. இரண்டு குச்சியால் மூன்றாவதைத் தட்டித் தட்டிக் காற்றில் வைத்திருப்பது, தாளம் தெரிந்தவனுக்கு வரும். தவில் கற்கும் பையன் இருந்தால் அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக நம்ம ஊர்க் காற்றும் ஈரமும். ஆடி, ஆவணிக் காற்றில் வெளியே ரிங் ஆடவே முடியாது, கனமான பந்து தாங்கும். ஐப்பசி மழையில் யோயோவின் பருத்திக் கயிறு ஊறித் தடிக்கும். பாலியஸ்டர் கயிறு வாங்கி, சுற்றி வைக்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள். பந்து போதாவிட்டால் துணிப்பை தைத்துத் தினை நிரப்புங்கள், கைக்கு அடக்கமாக 120 கிராம் அளவில். அரிசி போட்டால் வண்டு வரும், அனுபவம். டயாபோலோவை அறைக்குள் அனுமதிக்காதீர்கள். ஒரு பள்ளியில் முதல் நாளே டியூப் லைட் போனது. காசு என் சம்பளத்தில்தான் பிடித்தார்கள்.